ஒரு விரல் போதும்

கடத்தூர்
28.4.2025

அன்பு மகள் அனிஷாவுக்கு,

நீ போனை எடுக்காத அப்பா எழுதுகிறேன். எடுக்காதது சரிதான். உன் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். பத்தாம் வகுப்பில் தமிழ் ஒன்றுதான் என்னை மதித்தது, அந்தத் தைரியத்தில் கடிதம் போடுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

ஈஸ்டர் அன்று நீ பேசியது தப்பில்லை. பேசிய இடம்தான் பிரியாணித் தட்டு. "அம்மா, உனக்கு அப்ப கர்ப்பப்பை வாயில புற்று வந்து எடுத்தாங்கல்ல. அப்படி வந்தவங்களுக்கு ஆசனவாயிலயும் வரலாம். ஒரு தடவ டாக்டர் கையால பாத்துட்டா நிம்மதி" என்றாய். உன் அம்மா கையைக் கழுவிக்கொண்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போய்விட்டாள். அந்த நோய்க்கு இந்த ஊரில் இன்றைக்கும் 'கட்டி' என்றுதான் பெயர். அவள் வைத்த பெயர். பதினைந்து வருசமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அந்தக் கோபத்தில் நான் எழுந்து நின்று, "உன் ஆஸ்பத்திரிப் பேச்சை வேலூரோட வெச்சுக்க" என்று கத்தினேன். நீ சாப்பிடாமல் பஸ் ஏறினாய். நான் மனம் உடைந்துபோய் உன் பங்குப் பிரியாணியையும் சேர்த்துத் தின்றேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. உன் அம்மா கோயிலில் பெஞ்சில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். பூசை முழுக்கத் தூணோரம் நிற்கிறாள். கேட்டால் காற்று வருகிறதாம். வண்டியில் என் பின்னால் ஏறினால் பழைய சேலையை மடித்துப் போட்டு ஒருக்களித்து உட்காருகிறாள். நேற்று அடுப்பில் துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தாள். மூலமாம். சூட்டினால் வந்ததாம்.

மாடு வாலைத் தூக்குகிற தினுசிலேயே அதற்கு என்ன என்று சொல்லிவிடுவான் என்று கடத்தூரிலிருந்து பொம்மிடி வரைக்கும் எனக்குப் பெயர். சினை ஊசி போடுகிற அருள்சாமி என்றால் கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும். கூடவே இருக்கிறவள் உட்கார முடியாமல் நிற்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நீ அன்றைக்குச் சொல்ல வந்ததை முழுதாக எழுது. பதிலைப் பால் சொசைட்டி விலாசத்துக்குப் போடு. வீட்டு போன் உனக்குத் தெரியும், உன் அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள், தெரு முழுக்கக் கேட்கும்.

சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வருகிறது, முகம் இல்லை.

அப்பா
அருள்சாமி


வேலூர்
5.5.2025

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் போகவில்லை. ஆனால் தூணோரம் நிற்கிறாள் என்று படித்த பிறகு கோபத்தை வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

நான் வேலை செய்கிற வார்டில் அம்மா வயசுப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான். "மூலம்னு நெனச்சோம் சிஸ்டர்." வருசக் கணக்கில் களிம்பு, இலை, சூரணம். வரும்போது நோய் முற்றியிருக்கும். ஈஸ்டர் அன்று அம்மா முகத்துக்கு மேல் எனக்கு அவர்கள் முகம்தான் தெரிந்தது. அதனால்தான் இடம் பார்க்காமல் பேசிவிட்டேன்.

முழுதாக எழுதச் சொன்னீர்கள். கர்ப்பப்பை வாயில் புற்றை உண்டாக்குகிற வைரஸ் பக்கத்திலேயே ஆசனவாயிலும் வருசக் கணக்கில் சத்தமில்லாமல் தங்கியிருக்கலாம். அதனால் அந்த நோய் வந்து குணமானவர்களை டாக்டர் அந்த இடத்திலும் சோதித்துப் பார்ப்பது நல்லது. எல்லாரும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அம்மாவைப் போன்றவர்களும், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். வலி, ரத்தம், அரிப்பு இருந்தால் யாராக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

சோதனை பெரிய விசயமில்லை. முதலில் வெளியே கண்ணால் பார்ப்பார்கள். பிறகு உறை போட்ட விரலில் வழவழப்பான மருந்தைத் தடவி, உள்ளே சுற்றிலும் தடவிப் பார்ப்பார்கள். கட்டியோ தடிப்போ இருந்தால் விரலுக்குத் தெரியும். மெசின் எதுவும் வேண்டாம். சின்னதாக இருக்கும்போதே விரலில் பட்டுவிட்டால் பல பேருக்கு முழுசாகக் குணமாகிவிடும்.

மூலமாகவே இருக்கலாம். இருந்தால் சந்தோசம். அது மூலம் என்று ஒரு டாக்டர் சொல்லட்டும், துத்தி இலை சொல்ல வேண்டாம்.

நீங்கள்தான் அம்மாவிடம் பேச வேண்டும். நான் பேச ஆரம்பித்தால் மகளாகப் பேச வரவில்லை, நர்ஸாகிவிடுகிறேன். பக்குவமாகச் சொல்லுங்கள். பயமுறுத்தாதீர்கள்.

ஹாஸ்டலில் சாப்பாடு சுமார். சாப்பிடுகிறேன்.

அனிஷா


கடத்தூர்
12.5.2025

அன்பு மகளுக்கு,

பக்குவமாகச் சொன்னேன். உன் அம்மா இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆட்டைப் பார்த்து, "அந்தாளு சோறு திங்க வர்றாரான்னு கேளு" என்கிறாள். ஆடு கேட்பதில்லை. நானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

நடந்தது இதுதான். நீ எழுதியதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அமைதியாகக் கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே, "எப்படிப் பாப்பாங்களாம்?" என்று கேட்டாள். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். தெரிந்த தொழில் என்பதால் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நான் மாட்டுக்குச் சினை பாக்கறேன்ல, அதே மாதிரிதான். அதுல பயப்பட ஒண்ணுமில்ல. நான் கைய வுடும்போது ஒரு மாடாவது செத்திருக்கா?" என்று கேட்டேன். கேட்டதோடு விட்டேனா, வண்டிப் பெட்டியிலிருந்து என் கையுறையை எடுத்து வந்து, இப்படித்தான் போடுவார்கள் என்று தோள் வரைக்கும் இழுத்துக் காட்டினேன்.

உன் அம்மா அந்த உறையை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். என் கையை ஒரு தடவை பார்த்தாள். கீரை முறத்தோடு எழுந்து உள்ளே போய்த் தாழ் போட்டுவிட்டாள். உள்ளேயிருந்து, "செத்தாலும் வரமாட்டன்" என்று மட்டும் சத்தம் வந்தது.

நான் தோள் வரைக்கும் உறையோடு கதவுக்கு வெளியே நின்றேன். அந்த நேரம் பார்த்துச் சொசைட்டி செயலாளர் குப்புராஜ் வந்து, "என்னங்க ஊசிக்காரரே, வூட்டுக்குள்ளயே மாடு கட்டிட்டீங்களா?" என்றார்.

அனிஷா, சிரிக்காதே. அவள் நேற்றும் தூணோரம்தான் நின்றாள். பூசை முடியுமுன் வெளியே போய்விட்டாள். அவள் போன இடத்தில் கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அவளுக்கு நான் பார்த்தது தெரியாது. எனக்குக் கை வேலை தெரிகிறது, வாய் வேலை தெரியவில்லை. என்ன செய்ய?

அப்பா


வேலூர்
17.5.2025

அப்பா,

சிரித்தேன். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்ற இடம் வந்ததும் குளியலறைக்குப் போய்விட்டேன்.

தோள் வரைக்கும் உறையைக் காட்டினால் எந்தப் பெண் வருவாள்? நானே வரமாட்டேன்.

இந்தக் கவரில் ஒரு கையுறை வைத்திருக்கிறேன். நாங்கள் தினமும் போடுவது. மணிக்கட்டோடு முடிந்துவிடும். அதிலும் டாக்டர் பயன்படுத்துவது ஒரே ஒரு விரல். அம்மாவிடம் இதைக் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். தயவுசெய்து நீங்கள் போட்டுக் காட்ட வேண்டாம்.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் அமுதவல்லி என்று ஒரு சர்ஜன் இருக்கிறார். பாப்பாரப்பட்டிக்காரர். இங்கே பயிற்சிக்கு வந்தபோது பழக்கம். கை மெதுவானது, பேச்சு அதைவிட மெதுவானது. அம்மா பெண் டாக்டர் என்றால் ஒத்துக்கொள்ளலாம்.

அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் விட்டும்விடாதீர்கள். இரண்டையும் எப்படி ஒன்றாகச் செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அனிஷா


கடத்தூர்
2.6.2025

அன்பு மகளுக்கு,

முதலில் ஒரு செய்தி. சோதனை நடந்துவிட்டது. அம்மாவுக்கு இல்லை. எனக்கு.

நீ அனுப்பிய உறையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். உன் அம்மா அதை எடுத்தாள், விரித்தாள், ஆட்காட்டி விரலில் மட்டும் மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"அப்ப நீங்க மொதல்ல போய்க் காட்டிட்டு வாங்க. எப்படி இருந்துதுன்னு வந்து சொல்லுங்க. அப்புறம் நான் வர்றதப் பத்தி யோசிக்கறன்."

எனக்கு எதற்கு, எனக்குத்தான் ஒன்றுமில்லையே என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "ஊர்ல இருக்கற மாட்டுக்கெல்லாம் என்னா இருந்துதுன்னா கைய வுட்டீங்க?"

இதற்குப் பதில் கால்நடைத் துறையிலேயே யாரிடமும் இருக்காது.

அமுதவல்லி டாக்டரிடம் போனேன். உன் அப்பா என்றதும் அந்த டாக்டர் பொண்ணு உட்காரச் சொன்னது. உங்களுக்குத் தொந்தரவு எதுவும் இல்லை, இது அவசியமில்லை என்று டாக்டர் சொன்னது. அப்புறம் நான் விசயத்தைச் சொன்னேன். தோள் உறையையும் சொன்னேன். டாக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு, "அவசியமில்லைதான், ஆனா தப்புமில்ல. வாங்க, பாத்துரலாம்" என்று திரையை இழுத்தது. இழுத்துக்கொண்டே கேட்டது: "எங்க வூட்டு ஜெர்சிக்கு ஊசி போட பாப்பாரப்பட்டி வருவீங்கல்ல? நான்தான் கயித்தப் புடிச்சிக்குவேன்."

அனிஷா, அந்த நிமிசம் எனக்குப் பூமி பிளந்திருந்தால் போய்ப் படுத்திருப்பேன். அது பிளக்கவில்லை. கட்டிலில்தான் படுத்தேன், பக்கவாட்டில், முழங்காலை மடக்கிக்கொண்டு. "இறுக்காதீங்க, மூச்ச நல்லா வுடுங்க. அந்த ஜெர்சி மாதிரி ஒதைச்சிராதீங்க" என்றது டாக்டர். இத்தனை வருசத்தில் எத்தனை வாயில்லா ஜீவன் இதே மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும் என்று நினைத்தேன். மனதுக்குள் எல்லா மாட்டிடமும் மன்னிப்புக் கேட்டேன். செவலை, மயிலை என்று பெயர் சொல்லி ஆரம்பித்தேன், அதற்குள் முடிந்துவிட்டது. ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வலி இல்லை. வெட்கம்தான். அதுவும் டவுன் பஸ் ஸ்டாண்டு வந்து டீ குடித்ததும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். ஜெர்சி மாட்டுப் பேச்சு வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஈஸ்டருக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள். சிரித்து ஓய்ந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கு ரத்தம் வருதுங்க" என்றாள். "பொங்கலுக்கு முன்னாடியிருந்தே வருது. மறுபடியும் அதுவா இருந்துருமோன்னு பயந்துதான் யாருகிட்டயும் சொல்லல."

வியாழக்கிழமை போகிறோம்.

அப்பா


வேலூர்
4.6.2025

அப்பா,

வியாழக்கிழமைக்குள் இது உங்கள் கையில் கிடைக்காது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நோயாளிகளின் பிள்ளைகளிடம் தினமும் தைரியமாக இருங்கள் என்று சொல்கிறவள் நான். அம்மாவுக்கு ரத்தம் வருகிறது என்று படித்ததிலிருந்து ஊசி மருந்தை இரண்டு தரம் சரிபார்க்கிறேன், மூன்றாவது தரம் இன்னொரு சிஸ்டரைப் பார்க்கச் சொல்கிறேன்.

நீங்கள் போய்ப் படுத்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது. நான் ஈஸ்டரில் உங்களைப் பற்றி மனதுக்குள் திட்டியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பிரியாணியைத் தவிர.

போன் செய்யுங்கள். எடுப்பேன்.

அனிஷா


கடத்தூர்
14.6.2025

அன்பு மகளுக்கு,

போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். நீ அடுத்த வாரம் லீவு போட்டு வருவதாகச் சொன்னதும் சரி. ஆனால் ஒன்றை ஸ்பீக்கரில் சொல்ல முடியவில்லை. அதை எழுதுகிறேன்.

அம்மாவைச் சோதிக்கும்போது என்னை உள்ளே வந்து நிற்கச் சொன்னாள். தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டரின் முகம் மட்டும்தான். டாக்டர் பேசிக்கொண்டேயிருந்தது. ஊரில் மழை உண்டா, மாங்காய் விலை போனதா என்று. பேசிக்கொண்டிருந்த பேச்சு ஒரு இடத்தில் நின்றது. கண் எங்கேயோ சுவரைப் பார்த்தது, ஆனால் சுவரைப் பார்க்கவில்லை. தாண்டிப் போன விரல் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

எனக்கு அந்த முகம் தெரியும், அனிஷா. கைக்கு ஏதாவது பட்டுவிட்டால் என் முகமும் அப்படித்தான் ஆகும். மாட்டுக்காரர்கள் அப்போது என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு இப்போது விளங்கியது. நான் உன் அம்மாவின் கையை இறுக்கிவிட்டேன். "ஏங்க, எனக்குத்தான் சோதன, நீங்க எதுக்கு இறுக்கறீங்க?" என்று அவள் என்னைத் தேற்றினாள்.

ஓரத்தில் ஒரு துவரம்பருப்பு அளவில் தடிப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னது. கண்ணுக்கு மூலம் மாதிரிதான் தெரியுமாம். விரலுக்குத்தான் வித்தியாசம் தெரிந்ததாம். துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் உன் அம்மா தைரியமாக இருக்கிறாள். எதிரி இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்கிறாள். நான்தான் நேற்று ஊசி போடப் போன வீட்டில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்துவிட்டேன்.

சீக்கிரம் வா.

அப்பா


வேலூர்
6.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆபரேசனுக்கு வந்துவிட்டு இங்கே திரும்பிய பிறகு வார்டு வேறு மாதிரி தெரிகிறது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துவிட்டேனே.

கடைசி ரிப்போர்ட்டை இங்கே எங்கள் பெரிய டாக்டரிடமும் காட்டினேன். அமுதவல்லி டாக்டர் சொன்னதையே சொன்னார். புற்றுதான். ஆனால் மிகச் சின்னது. முழுதாக எடுத்தாகிவிட்டது. சுற்றி எடுத்த ஓரங்கள் எல்லாம் சுத்தம், ஸ்கேனில் வேறெங்கும் எதுவும் இல்லை. கதிர்வீச்சுக் கரண்டு வைப்பது, மருந்து ஏற்றுவது எதுவும் இப்போது தேவையில்லை. இன்னும் ஒரு வருசம் தள்ளி வந்திருந்தால் இந்தப் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்றார். இனிமேல் சில மாதங்களுக்கு ஒரு முறை போய் அதே விரல் சோதனை. அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. அதற்காக யாரோடும் நான் சண்டை போட வேண்டியிருக்காது, அம்மாவே இப்போது கேலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேசன் முடிந்த மறுநாள் அம்மா என்னைப் புண்ணைத் துடைக்க விட்டாள். நான் உறையை மாட்டினேன். "நர்ஸா வர்றியா, மகளா வர்றியா?" என்று கேட்டாள். நான் பஞ்சை நனைத்துக்கொண்டே நின்றேன். "ரெண்டும்தான் வேணும், வா" என்றாள்.

நீங்கள் அன்றைக்கு வராந்தாவில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் சோதனையைப் பற்றிக் கை ஆட்டி ஆட்டி விளக்கியது எனக்குத் தெரியும். எந்த உறையை மனதில் வைத்துக்கொண்டு விளக்கினீர்கள் என்றுதான் கவலை.

அனிஷா


கடத்தூர்
9.12.2025

அன்பு மகள் அனிஷாவுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் அம்மா, "இத எழுத்துல போடுங்க, அவ பத்திரமா வெச்சிக்குவா" என்றாள். அதனால் நல்ல பேனா வாங்கி எழுதுகிறேன்.

இன்றைக்குத் தர்மபுரியில் சோதனை. இந்தத் தடவை என்னை உள்ளே விடவில்லை. "நீங்க வந்தா உங்களத் தேத்தறதுக்கே நேரம் போயிரும்" என்று சொல்லிவிட்டு அவளாகப் போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். முதல் பாதியே திரும்பத் திரும்ப வந்தது, இரண்டாம் பாதி மறந்துவிட்டது.

கதவு திறந்தது. உன் அம்மா வெளியே வந்தாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்து ஆட்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள். ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்கள் காட்டுவார்களே, அந்த மாதிரி. பின்னாலேயே டாக்டர் வந்து, "சுத்தம்ங்க, கைக்கு ஒண்ணுமே படல" என்றது. நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். அமுதவல்லி டாக்டர்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது. ஜெர்சி மாட்டுக் கயிற்றைப் பிடித்த கை, கெட்டியான கை.

இன்னொன்று. கடத்தூர்க் கோயிலில் போன ஞாயிறு சாமியார் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. உன் அம்மா முதல் வரிசைப் பெஞ்சில், மடித்த சேலை எதுவும் இல்லாமல், ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் தூங்கிவிட்டேன். இடுப்பில் முழங்கையால் இடித்து எழுப்பினாள். இதற்கு முன் எந்த இடிக்கும் நான் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

'கட்டி' என்ற வார்த்தை இந்த வீட்டில் செத்துவிட்டது. தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்ததும் உன் அம்மாவே எழுந்து, எனக்கு வந்தது புற்று, ரெண்டு தடவை வந்தது, ரெண்டு தடவையும் நான் ஜெயித்தேன் என்று சொல்லிவிட்டாள். அப்புறம் பக்கத்துத் தெரு சாலம்மாள் மெதுவாக எழுந்து, தனக்கும் முன்னால் கர்ப்பப்பை வாயில் அதே நோய் வந்து எடுத்ததென்று சொன்னது. உன் அம்மா மறுநாளே சாலம்மாளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். சாலம்மாளுக்கு ஒன்றுமில்லை, நிம்மதியாக வந்தது. குப்புராஜ்கூட என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப நாளாக ரத்தம் வருகிறது, எந்த டாக்டர், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். வீட்டுக்குள் மாடு கட்டியதாகக் கேலி பேசிய மனுசன். நான் தோள் வரைக்கும் காட்டலாம் என்று நினைத்தேன். பாவம் என்று விட்டுவிட்டு ஒரு விரலைக் காட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ கண்டிப்பாக வர வேண்டும். இது நான் சொல்வதில்லை. உன் அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"அன்னிக்கு மதியம் அன்பியத்துப் பொம்பளைங்களயெல்லாம் நம்ம வூட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கன். பிரியாணி போட்டதும், ஈஸ்டருக்குச் சொன்னியே, அத அப்படியே மறுபடியும் சொல்லு. இந்தத் தடவ நான் எந்திரிச்சுப் போவ மாட்டன். அவங்க யாராவது எந்திரிச்சாலும் புடிச்சு உக்கார வெக்கறன்."

உன் பங்குப் பிரியாணிக்கு நான் பொறுப்பு. தொட மாட்டேன்.

உன் அப்பா
அருள்சாமி